ஒற்றைக் கோடு

பன்னிரண்டு தவணை.
முதல் தவணைக்கே இரண்டு ஆட்டுக்குட்டி போயிற்று.
கொய்ஹாய்க்கே கடைப் பையன்
மூன்று கேமரா என்றான்,
தண்ணீரில் விழுந்தாலும் சாகாது என்றான்,
முகத்தைக் காட்டினால் தானே திறந்துகொள்ளும் என்றான்.
சிக்னல் எடுக்குமா என்று நானும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்டினேன்.
திறந்தது.
சேவை இல்லை என்றது.

பழைய போனுக்குக் கண்ணாடி முழுக்க விரிசல்,
பின்மூடி ரப்பர் பேண்டில் நின்றது.
ஆனாலும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்க்
கொஞ்சம் குனிந்தால்
இரண்டு கோடு பிடிக்கும்.
புதியதுக்குக் கோழிக்கூண்டு கௌரவக் குறைச்சல்.

சிம்மைக் கழற்றித் துடைத்தேன், ஊதினேன்,
அணைத்துப் போட்டேன்,
விமானப் பயன்முறைக்கு அனுப்பித் திரும்பக் கூப்பிட்டேன்,
ஒரு விமானமும் எட்டிப்பார்க்காத
இந்தப் பள்ளத்தாக்கில்.
விறகுக் குவியல்மேல் ஏறினேன்.
ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன,
தீனிதான் போடப்போகிறாள் என்று.

சால்மன் படகிலிருந்து யெர்கோ
ஞாயிறு சாயங்காலம்தான் கூப்பிடுவான்.
இரண்டு ஞாயிறு போயிற்று.

மூன்றாம் ஞாயிறு
போனைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு
காற்று தள்ளிய திசையில் நடந்தேன்.
மூன்றாவது வேலிக்கம்பம் தாண்டி
இரண்டே எட்டு வைத்தால்
ஒரு கோடு.
ஒன்றே ஒன்று. மங்கலாக.

அந்த இரண்டு எட்டும் லதிஸ்லாவோவின் நிலம்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால்
வேலியை என் பக்கம் நான்கு மீட்டர்
அவன் நகர்த்தினான் என்றேன் நான்.
நகர்த்தியது காற்று என்றான் அவன்.
அதற்குப் பிறகு பேச்சில்லை.
அவன் மனைவி எர்மின்டா செத்த வாரம்
ரொட்டி சுட்டுத் துணிப்பையில் போட்டு
இதே கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.
பை திரும்பி வந்தது,
துவைத்து, மடித்து,
இதே கம்பத்தில்.

கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்தேன்.
முதுகில் சட்டை கிழிந்த சத்தம்.

யெர்கோ நான்கு நிமிஷம் பேசினான்.
கடைவாய்ப்பல் வலிக்கிறதாம்,
சமையற்காரன் மாறிவிட்டானாம்,
அப்புறம், அம்மா, இருக்கியா, அம்மா.
இருக்கேன்டா, இருக்கேன்
என்று நான் கத்திக்கொண்டே திரும்பினால்
லதிஸ்லாவோ நிற்கிறான்.
பக்கத்தில் நாய்.
நாய் குரைக்கவில்லை, அதுதான் பயம்.

கோட்டுப் பைக்குள் கை விட்டான்.
எடுத்தது போன்.
அதே கடை, அதே மாடல்,
கண்ணாடிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூட உரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வங்கி வரிசையில் நிற்பவன் போல
எனக்குப் பின்னால் நின்றான்.

நகர்ந்து இடம் விட்டேன்.
என்ன நகர்வது, ஒரு காலடி.
அதற்கு மேல் போனால் என் கோடு போய்விடும்.

அவன் கம்பெனிக்குப் போட்டான், ஸ்பீக்கரில்.
பதிவு செய்த பெண்குரல் தேனாய் வழிந்தது,
உங்கள் பகுதியில் சேவை சிறப்பாக உள்ளது.
காற்று அதையும் அள்ளிக்கொண்டு போயிற்று.
உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு.
அவன் தடித்த விரல்
எண்களைத் தேடித் தேடித் தடவியது,
திரை இருண்டது, ஒளிர்ந்தது, இருண்டது.

கை நீட்டி நான்தான் அழுத்தினேன்.
இரண்டு.

இணைப்பு அறுந்தது.
இருவரும் கொஞ்ச நேரம்
அந்த வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினொரு வருஷத்தில் முதல் வார்த்தை
என்னுடையதாகிப்போயிற்று, இருக்கட்டும்.
'உனக்கும் பன்னிரண்டு தவணையா?'

தொப்பியை மாட்டிக்கொண்டான்.
'பதினெட்டு.'